பழைய மதிப்பெண்ணும் இன்றைய மாணவனும்

ஒருவன் நேற்றுச் செய்தவற்றிற்கு இன்று எவ்வளவு தூரம் கடன்பட்டவன் என்னும் வினா மிகப் பழைமையானது. சான்றோர் அதனை மறுமையோடும் வினைப்பயனோடும் சேர்த்து ஆராய்ந்துள்ளனர். நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அத்துணைப் பெரிய களம் அன்று. ஒரு விண்ணப்பப் படிவம் மட்டுமே. அமெரிக்க நாட்டில் மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பும் மாணவன் ஒருவன், கல்லூரி வாழ்வின் தொடக்கத்தில் தாழ்ந்த மதிப்பெண் பெற்றுப் பின்னர்த் தேறியிருப்பானாயின், அவன் தன்னை எவ்வாறு முன்வைத்தல் வேண்டும்? விண்ணப்பத்தை வலுப்படுத்துதல் எதுவரை நேர்மை, எங்கிருந்து வேடம்? அந்நாட்டில் குடியேறிய நம்மவர் இல்லங்களில் இவ்வினா எழுகின்றது. ஊரிலிருந்து தொலைபேசியில் அறிவுரை கூறும் தாத்தா பாட்டியரோ, அங்குள்ள முறையை அறியாமலே அறிவுரை கூறிவிடுகின்றனர். ஆதலின் முறையை முதலில் சொல்லிவிடுவோம்.

நம் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் மருத்துவக் கல்லூரிக்குச் செல்லலாம். தமிழ்நாட்டில் 2017 முதல் நீட் தேர்வின் தரவரிசையே வாயிலாக உள்ளது. தேர்வெழுதியவனின் வரலாற்றைக் கேட்பார் அங்கு எவருமிலர். அமெரிக்காவில் அவ்வாறன்று. நான்காண்டுப் பட்டப்படிப்பு முதலில். அதன் பின்னரே மருத்துவக் கல்லூரி. அந்நான்கு ஆண்டுகளில் எழுதிய ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணும், எம்கேட் என்னும் நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணும், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும், மாணவனே எழுதும் கட்டுரையும், அவன் செய்த தொண்டுகளின் பட்டியலும் சேர்க்கைக் குழுவின் முன் வைக்கப்படும். தேறியவர்களை நேர்காணலுக்கு அழைப்பர். 2023-ஆம் ஆண்டுச் சேர்க்கையில் ஏறத்தாழ 52,500 பேர் விண்ணப்பித்தனர். சேர்ந்தோர் ஏறத்தாழ 23,000 பேர். சேர்ந்தவர்களின் மதிப்புச் சராசரி 4-க்கு 3.77 அளவிலும், எம்கேட் மதிப்பெண் 528-க்கு 511-ஐ ஒட்டியும் இருந்தன. இவ்வெண்களைக் கண்டே பலர் கலங்குகின்றனர். சராசரி என்றால் அதற்குக் கீழும் பலர் உள்ளனர் என்பதை அச்சம் மறக்கச் செய்துவிடுகின்றது.

இனி, அம்மதிப்புச் சராசரி எவ்வாறு கணக்கிடப்படுகின்றது என்பதனைச் சற்று விரிவாகக் காண்போம். நம் வினாவின் வேர் அங்கேதான் உள்ளது. அந்நாட்டில் ஏ என்னும் தரத்திற்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2, டி-க்கு 1, தோல்வியாகிய எஃப்-க்குச் சுழி. ஒரு மாணவன் முதல் மூன்று ஆண்டுகளில் 90 கிரெடிட் அளவு பாடங்களை முடித்து 2.8 என்னும் சராசரியோடு நிற்கின்றான் என்று கொள்வோம். பின்னர் விழித்தெழுந்து, அடுத்த ஆண்டின் 30 கிரெடிட்டுகளில் ஒரு பாடத்திலும் குறையாமல் ஏ பெறுகின்றான். அவனது புதிய சராசரி 3.1 மட்டுமே. பட்டம் பெற்ற பின்னும் ஓராண்டு கூடுதலாகப் படித்து, அதிலும் எல்லாவற்றிலும் ஏ பெற்றால் 3.28 ஆகும். இரண்டு ஆண்டுகள் ஒரு குறையுமின்றிப் படித்தும் சராசரி அரைப் புள்ளி கூட ஏறவில்லை. தோற்ற பாடத்தை மீண்டும் எழுதி ஏ பெற்றாலும், பொது விண்ணப்ப நிலையம் பழைய எஃப்-ஐயும் புதிய ஏ-யையும் சேர்த்தே எண்ணும். இரண்டும் சேர்ந்து சி-க்கு ஒப்பாகின்றன. மாணவனின் சொந்தக் கல்லூரி பழையதை அழித்துப் புதியதை மட்டும் காட்டினாலும், விண்ணப்ப நிலையம் அதனை ஏற்பதில்லை.

இது கொடுமை எனச் சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஏனெனில் அதே நிலையம் மற்றொன்றும் செய்கின்றது. முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு, நான்காமாண்டு, பட்டத்திற்குப் பிற்பட்ட ஆண்டுகள் எனச் சராசரியைத் தனித்தனியே பிரித்துக் குழுவிற்குக் காட்டுகின்றது. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றைத் தனியாகவும், ஏனைய பாடங்களை வேறாகவும் கூட்டித் தருகின்றது. மொத்த எண்ணில் மறைந்துபோகும் ஏற்றம், பிரித்துக் காட்டிய இடத்தில் தெளிவாகத் தெரிகின்றது. விழுந்ததும் எழுந்ததும் ஒரே தாளில் உள்ளன. எழுந்தவனுக்கு இதனினும் நல்ல சான்று வேறொன்று கிடைப்பதரிது.

மறதியைக் கருணையாகக் கொண்ட முறைகளும் அந்நாட்டில் உண்டு. ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளுக்கான விண்ணப்ப நிலையம், மீண்டும் எழுதிய பாடத்தில் பிந்திய மதிப்பெண்ணையே கொள்ளும் வழக்கத்தை நெடுநாள் வைத்திருந்து, 2017-இல் அதனைக் கைவிட்டது. டெக்சாஸ் மாநிலத்தின் சட்டமொன்று இன்னும் வியப்பானது. அம்மாநிலத்தில் வாழ்பவர் ஒருவர், பத்தாண்டுகளுக்கு முற்பட்ட தம் கல்லூரிப் பாடங்களைக் கருத்திற்கொள்ள வேண்டாம் என்று அம்மாநிலத்தின் அரசுக் கல்லூரிகளைக் கேட்கலாம். அங்குள்ள மருத்துவக் கல்லூரி விண்ணப்ப நிலையமும் இதற்கு இடமளிக்கின்றது. ஆனால் ஒரு நிபந்தனை: தாழ்ந்த மதிப்பெண்களை மட்டும் பொறுக்கி நீக்குதல் இயலாது. அக்காலத்து நல்ல மதிப்பெண்களும், அன்று பெற்ற பாடத் தகுதிகளும் சேர்ந்தே நீங்கும். எல்லாவற்றையும் முதலிலிருந்து மீண்டும் படித்தல் வேண்டும். தனக்கு வேண்டாதது மட்டும் மறக்கப்பட வேண்டும் என்று கேட்கும் மனித இயல்பை இச்சட்டம் இயற்றியோர் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

இவ்வளவும் அறிந்த பின் மாணவன் செய்யத்தக்கது யாது? மீண்டும் பாடங்களில் சேர்வதற்கு முன், தான் ஏன் வீழ்ந்தான் என்பதனைத் தனக்குத் தானே உண்மையாகக் கூறிக்கொள்ளுதல். இதனைப் பலர் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். வேலைச் சுமையால் வீழ்ந்தவன் அச்சுமையைக் குறைக்காமல் மீண்டும் அதே கரிம வேதியியலில் அமர்ந்தால், மீண்டும் அதே மதிப்பெண்ணே வரும். மனநோயால் வீழ்ந்தவனுக்கு முதற்கண் வேண்டுவது மருத்துவம். பெற்றோரின் விருப்பத்திற்காகவே அறிவியல் எடுத்து, உள்ளம் ஒட்டாமல் வீழ்ந்தவனுக்கோ, விண்ணப்பத்தை வலுப்படுத்தும் வழிகளை எடுத்துரைப்பது தீங்காகவும் முடியலாம். நம்மவரிடையே இந்த மூன்றாம் வகையினர் எண்ணிக்கையில் குறைந்தவரல்லர் என்பது நம் கருத்து.

காரணம் நீங்கியபின் வழிகள் உள்ளன. பட்டத்திற்குப் பின் அறிவியற் பாடங்களைப் படிக்கும் போஸ்ட்பாக் என்னும் படிப்பு இளங்கலைச் சராசரியை உயர்த்தும். மருத்துவக் கல்லூரிப் பாடங்களை ஒத்த சிறப்பு முதுகலைப் படிப்புகள் சிலவும் உண்டு. அவற்றின் மதிப்பெண் தனியே காட்டப்படுமாதலால் பழைய சராசரியில் மாற்றம் நிகழாது, ஆனால் கடினமான பாடத்தைத் தாங்கும் ஆற்றலுக்குச் சான்றாகும். செலவும் மிகுதி. அதில் தாழ்ந்தால் மீள்வது அரிதாகும் என்பதனையும் எண்ணிப் பார்த்தே சேர்தல் வேண்டும். எம்கேட் தேர்வை ஓராண்டில் மூன்று முறையும், வாழ்நாளில் ஏழு முறையும் எழுத இடமுண்டு. எல்லா முயற்சிகளின் மதிப்பெண்களும் குழுவிற்குத் தெரியவரும்; ஆதலின் ஆயத்தமின்றி 'எழுதித்தான் பார்ப்போமே' என்பது நன்றன்று.

இவையெல்லாம் உழைப்பைப் பற்றியவை. உழைப்பில் அறக்குழப்பம் இல்லை. குழப்பம் எழுவது சொல்லில்.

விண்ணப்பதாரன் தான் பயின்ற ஒவ்வொரு கல்லூரியையும் குறிப்பிட வேண்டும் என்பது விதி. ஒரு கோடைக்காலத்தில் சமுதாயக் கல்லூரி ஒன்றில் ஒரே ஒரு பாடம் எடுத்துத் தோற்றிருந்தாலும், இடையில் விலகியிருந்தாலும் அதுவும் இதில் அடங்கும். அதனை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகின்றது என்னும் எண்ணம் இங்கேதான் தலைகாட்டும். மற்றொரு வினாவும் படிவத்தில் உண்டு. கல்விக் குறைபாட்டிற்காகவோ ஒழுங்கீனத்திற்காகவோ கல்லூரி எப்போதேனும் நடவடிக்கை எடுத்ததுண்டா என்று கேட்பர். அந்நடவடிக்கை பதிவேட்டிலிருந்து பின்னர் நீக்கப்பட்டிருந்தாலும் கூற வேண்டும் என்றும் கேட்பர். ஆவணத்தில் இல்லாத ஒன்றை, தன் நினைவில் மட்டும் உள்ள ஒன்றை, தானே எடுத்துக் கூறுமாறு ஒருவனைக் கேட்கின்றார்கள். மருத்துவத் தொழிலின் தன்மையை எண்ணினால் இதன் பொருத்தம் விளங்கும். நள்ளிரவில் நோயாளிக்குத் தவறான அளவு மருந்து கொடுத்துவிட்ட மருத்துவனை எந்த ஆவணம் காட்டிக்கொடுக்கும்? அவன் வாய்திறந்தால் உயிர் பிழைக்கும். திறவாவிடில் அறிவார் இலர். படிவத்தில் பொய் கூறிப் பழகியவன் அன்று உண்மை பேசுவான் என்று நம்புவதற்கு நமக்குத் துணிவில்லை.

ஆயினும் சொல்லாமை வேறு, பொய்ம்மை வேறு என்பதனையும் சேர்த்தே கூறுதல் கடமை. மாணவன் ஒருவன் தன் மனநோயையோ, தாய் தந்தையரின் பிணக்கையோ குழுவிற்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டவன் அல்லன். கேட்கப்பட்ட வினாவிற்கு உண்மையான விடை தரவேண்டும். கேட்கப்படாத வீட்டுச் செய்திகளைத் தன்னுள் வைத்துக்கொள்ளும் உரிமை அவனுக்கு உண்டு. தன் துன்பத்தைக் காட்டினால்தான் இடம் கிடைக்கும் என்று யாரேனும் அவனை வற்புறுத்தினால், அது வாய்மையின் பெயரால் செய்யப்படும் கொடுமையாகும்.

கட்டுரைக்கு இடைவெளி உட்பட 5,300 எழுத்துகள் மட்டுமே இடம். அதற்குள் தன் வாழ்வையும் நோக்கத்தையும் கூறவேண்டும். இதில் பழைய மதிப்பெண்ணுக்கு எவ்வளவு இடம் தருவது? இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும் என்பதே நம் எண்ணம். ஒருவன், 'இரண்டாம் ஆண்டில் தந்தையார் நோயுற்றமையால் என் படிப்புக் கெட்டது' என்று எழுதுகின்றான். மற்றொருவன், 'இரண்டாம் ஆண்டில் தந்தையார் நோயுற்றார். நான் இரவில் கடையைப் பார்த்துக்கொண்டேன். பாடச் சுமையைக் குறைத்துக்கொள்ளுமாறு ஆசிரியர் கூறியும் கேட்கவில்லை. நான்கு பாடங்களில் தாழ்ந்தேன். அடுத்த பருவத்தில் இரண்டு பாடங்கள் மட்டும் எடுத்தேன்' என்று எழுதுகின்றான். இருவர் கூறுவதும் உண்மையே. முதலாமவன் கூற்றில் காரணம் மட்டும் உள்ளது, அவன் இல்லை. இரண்டாமவன் தன் பங்கையும், பின்னர்த் தான் செய்த மாற்றத்தையும் கூறுகின்றான். காரணம் எதுவுமின்றி, இளமையின் மயக்கத்தால் விளையாட்டிலும் நண்பர் கூட்டத்திலும் காலம் போக்கியவன் என்செய்வான்? அதனையே எழுதலாம். அதற்கு நேர்த்தியானதொரு துன்பக் கதையைப் புனைந்து தரக் கட்டணம் பெறும் ஆலோசகர்கள் உள்ளனர். இப்போது கணினியும் நொடியில் எழுதித்தருகின்றது. பிழை திருத்தவும் எண்ணங்களைத் திரட்டவும் பிறர் உதவியை நாடுதல் குற்றமன்று. முடிவில் நிற்கும் எழுத்துத் தன்னுடையதே என்று மாணவன் உறுதி கூறியே விண்ணப்பத்தை அனுப்புகின்றான். அவ்வுறுதி பொய்யாகாதிருத்தல் வேண்டும்.

இனித் தொண்டு. படிவத்தில் பதினைந்து செயல்களைக் குறிக்க இடமுண்டு. மருத்துவமனையில் பணிபுரிதல், மருத்துவர் ஒருவரை உடனிருந்து கவனித்தல், இறுதிநிலை நோயாளர் இல்லத்தில் துணையிருத்தல், ஆய்வுக்கூடப் பணி எனப் பலவும் அதில் இடம்பெறும். மதிப்பெண்ணில் தாழ்ந்தவன் இப்பகுதியால் தன்னை உயர்த்திக்கொள்ள முனைதல் இயல்பு. இங்கு எழும் வினா நம் வாசக அன்பர்களுக்கு அயலானதன்று. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நான்கினையும் தானமாக வைத்த மரபில் வந்தோர் நாம். இடம் பெறுவதற்காகச் செய்யும் தொண்டு தானமாகுமா?

எளிதில் ஆகாது என்று கூறிவிடலாம். நாம் அவ்வாறு கூறத் தயங்குகின்றோம். படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு நீர் ஊட்டும் இளைஞன், தன் பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதற்காக வந்தவனாகவே இருக்கட்டும். முதியவரின் நாவறட்சி தணிந்தது உண்மை. பயன் கருதித் தொடங்கியவன் பழக்கத்தால் அன்புடையவனாக மாறுவதும் உலகில் உண்டு; தூய எண்ணம் முற்றிய பின்னரே தொண்டு செய்வேன் என்று காத்திருப்பவனைக் காட்டிலும் இவன் மேல். ஆனால் ஓர் எல்லை உண்டு. நோயாளியின் நலன் பின்தள்ளப்பட்டு மாணவனின் பட்டியல் முன்னிற்குமானால், அங்கே தொண்டு தீங்காகத் திரும்புகின்றது. சில நாள் பயணமாக ஏழை நாடுகளுக்குச் செல்லும் மாணவர்கள், தம் சொந்த நாட்டில் தொடவும் அனுமதியில்லாத செயல்களை அங்குள்ள எளிய மக்களின் உடலில் செய்து பார்த்த நிகழ்ச்சிகள் உண்டு. பயிற்சியற்றவர் ஊசி போடுவதும் பல் பிடுங்குவதும் தொண்டாகா. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2011-இல் இதன் பொருட்டு நெறிமுறைகளை வெளியிட்டு, அயல்நாட்டிலும் மாணவன் தன் பயிற்சிக்கு மேற்பட்ட செயலைச் செய்தலாகாது என்று வற்புறுத்தியது. இத்தகைய செயலைப் பெருமையாக எழுதி அனுப்பும் மாணவன், இடத்தையும் இழக்கக்கூடும். அது பெரிதன்று, பெயரறியாத ஓர் ஏழையின் உடல் அவனுக்குப் படிக்கல்லாயிற்றே, அதுவே பெரிது. ஏதோ ஒரு கிராமத்தில் இரண்டு வாரம் இருந்ததைக் காட்டிலும், தன் ஊர் மருத்துவமனையில் இரண்டாண்டு சக்கர நாற்காலி தள்ளியது மேலான சான்று என்பதனைக் குழுவினரும் அறிவர்.

குழுவினரின் தீர்ப்பு எப்போதும் சரியானதா? 1979-இல் நிகழ்ந்த ஒன்றைக் கூறலாம். ஹூஸ்டன் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 150 பேரைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தது. மாநிலச் சட்டமன்றம் இன்னும் 50 பேரைச் சேர்க்குமாறு பணித்தது. அப்போது எஞ்சியிருந்தோர், நேர்காணல் கண்ட ஏறத்தாழ 800 பேரின் வரிசையில் அடியில் இருந்தவர்கள். அவர்களிலிருந்து ஐம்பதின்மர் சேர்க்கப்பட்டனர். பின்னர் இரு சாராரையும் ஒப்பிட்டு 1987-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு, படிப்பிலோ நோயாளரைக் கவனிக்கும் பயிற்சியிலோ இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. இது நேர்காணலில் இட்ட மதிப்பீட்டின் குறையையே பெரிதும் காட்டுவது. மதிப்பெண் பயனற்றது என்று இதனைக் கொண்டு வாதிடுதல் பிழை. இடம் கிடைக்காதவன் தன்னைத் தகுதியற்றவனாகக் கருதவேண்டியதில்லை என்பதற்கு மட்டும் இது போதிய சான்று.

மறுபக்கமும் உள்ளது. தாழ்ந்தவன் மீது இரக்கம் கொண்டு, ஆயத்தமில்லாதவனைக் குழுவினர் சேர்த்துக்கொள்வாராயின் அது இரக்கமாகாது. அந்நாட்டில் கடன் வாங்கிப் படித்து மருத்துவராகின்றவர்களுள் பாதிப்பேருக்கு இரண்டு இலட்சம் டாலருக்குக் குறையாத கடன் உள்ளது. இடையில் தோற்று வெளியேறுபவனிடம் பட்டம் இராது, கடன் மட்டும் இருக்கும். அவனால் கவனிக்கப்பட்டிருக்கக்கூடிய நோயாளரையும் எண்ண வேண்டும். ஆதலின் வாயிலில் நிற்பவர் சான்று கேட்பதனைப் பகைமையாகக் கொள்ளலாகாது.

பெற்றோரிடம் ஒன்று கூறவேண்டியுள்ளது. விண்ணப்பம் ஒவ்வோராண்டும் மே மாதத்தில் திறக்கின்றது. முந்தி அனுப்புதல் நலம். தேறிவரும் மாணவனின் மிகச் சிறந்த ஆண்டு, பெரும்பாலும் அவன் இப்போது படித்துக்கொண்டிருக்கும் ஆண்டேயாகும். அதன் மதிப்பெண் வருமுன் அனுப்பினால், குழுவினர் காண்பது வீழ்ச்சியை மட்டும். ஓராண்டு பொறுத்தால் எழுச்சியையும் காண்பர். ஆனால் அவ்வோராண்டைத்தான் நம் இல்லங்கள் பொறுப்பதில்லை. 'அவர் மகன் சேர்ந்துவிட்டானே' என்னும் பேச்சு, திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் மாணவனைத் துரத்துகின்றது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்வோரின் சராசரி வயது ஏறத்தாழ 24. பட்டம் பெற்று ஓரிரண்டு ஆண்டுகள் கழித்துச் சேர்வது அங்குப் பலரும் செய்வது. இருபத்திரண்டு வயதில் வீட்டில் அமர்ந்து வேதியியல் படிக்கும் பிள்ளையைக் குறித்து உறவினர் கேட்டால், 'அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கின்றான். இவ்வாண்டு படிக்கின்றான்' என்று தந்தை தாமே கூறிவிடலாம். அவ்வாறு கூறும் தந்தையின் வீட்டில், படிவத்தை நிரப்பும் மகனுக்கும் மறைக்க வேண்டியது ஒன்று குறைகின்றது.